சதுர நட்டு

புது வேகன் எது வந்தாலும் தட்டுக்காரர் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான். பெட்டியைப் பிரித்து, பஞ்சை உருவிப் போட்டுவிட்டு, வேகனை இடது உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொள்வார். சட்டைப் பையில் குத்தியிருக்கும் குண்டூசியை எடுத்து நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே கொண்டுபோய்க் கேட்பார். நாற்பத்தைந்து அடியை ஓர் அடியாகச் சுருக்கிச் செய்த பொம்மை அது. என்ன சத்தம் வந்துவிடப் போகிறது? கடுகு விழுந்தாலாவது கேட்கும். ஆனாலும் தட்டுவார். முப்பத்தொரு வருஷம் சரக்கு யார்டில் நீளக் காம்புச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வண்டி குனிந்த உடம்பு அது; தட்டுக்காரர் என்ற பேரே அப்படி வந்ததுதான். நல்ல சக்கரம் மணி மாதிரிப் பாடும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி சொத்தென்று சொல்லிவிடும். மனுஷன் பொய் சொல்வான், இரும்பு சொல்லாது என்பது அவர் படித்த படிப்பு. பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான்.

சக்கரத்துக்கு அப்புறம் ஆக்சில் பெட்டி, ஸ்பிரிங், கப்ளிங், பிரேக், தரை. கடைசியில்தான் எண். யார்டில் பார்த்த வரிசை மாறாது. செய்தவன் சொல்வதை அவர் நம்பமாட்டார், விற்பவன் சொல்வதைக் காதிலேயே வாங்கமாட்டார். ‘அச்சு அசல்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அன்றைக்கு லென்ஸை இரண்டு தடவை துடைப்பார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் இருநூற்றுச் சொச்சம் வேகன் நிற்கிறது. கரி வேகன், எண்ணெய் வேகன், மாடு ஏற்றுகிற வேகன், மூடி போட்டது, போடாதது. பயணிகள் பெட்டி பதினாலு. இன்ஜின் இரண்டே இரண்டு, அதுவும் தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே என்று வாங்கியது. இன்ஜினைப் பார்த்து வாய் பிளக்கிறவன் ரயிலில் வேலை பார்க்காதவன் என்பார். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே அடுக்கி வைத்துச் சேகரிக்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால், “கல்யாணம் பண்ணிக்கிட்டு முகத்தைப் பாக்காம குடும்பம் நடத்துறவனுங்க” என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிரேக் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

திறந்த மேல்பாகமுள்ள பழைய கரி வேகன். அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம். இந்த மாதிரி வேகனுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கை லீவர் உண்டு. எந்தப் பக்கம் நின்று வண்டியைப் பார்த்தாலும் லீவர் உன் வலது கைப் பக்க முனையில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. சோற்றுக் கை எதுவென்று தெரிந்தவனுக்கு லீவர் எதுவென்று தெரியும். இருட்டோ மழையோ, ஓடுகிற வண்டியோடு ஓடி, பார்க்காமலே கையை நீட்டி அமுக்கலாம். இந்தப் பொம்மையில் ஒரு பக்கம் சரி. இன்னொரு பக்கத்தில் லீவர் இடது முனையில் இருந்தது.

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிழை அகப்பட்டால் அவருக்குப் பசி எடுக்கும். ‘அச்சு அசலாம், அசலு! அளந்தவன் தலைகீழா நின்னு அளந்தானாக்கும்’ என்று லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். லீவரைத் தாங்குகிற தகட்டில் நான்கு நட்டு. மூன்று நட்டு ஆறு முகம். நான்காவது, கீழே இடது ஓரத்தில் இருப்பது, சதுரம்.

லென்ஸைக் கீழே வைத்தார். எண்ணைப் பார்க்கவில்லை. வேகனைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள் மனைவி. “பொம்மை ஓடியா போயிடும்?”

“கடைக்காரன் ஏமாத்திட்டான். கேட்டுட்டு வரேன்.”

“உங்களை ஏமாத்தாத ஆளு ஊர்ல யாரு இருக்கா? நான் ஒருத்திதான். நானும் எப்ப ஏமாத்துறதுன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், நேரம் கிடைக்கல.”

கடைக்கு இருபது நிமிஷ நடை. போகிற வழியில் அவர் சதுர நட்டைப் பற்றி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதை வழி முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தார்.

கடைக்காரர் அவரைத் தூரத்தில் கண்டதுமே கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். பிசின், பேட்டரி, குட்டி மரம், குட்டி சிக்னல் எல்லாம் தொங்குகிற ஒடுக்கமான கடை. இவர் வந்தால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வேகனையும் பார்ப்பார்.

“வாங்கய்யா. முந்தாநேத்துதான் வாங்கிட்டுப் போனீங்க. அதுக்குள்ள என்ன குத்தம்?”

“லீவரு. இந்தப் பக்கம் மாத்தி வச்சிருக்கான். எவன்யா செஞ்சான் இதை? ரயிலைக் கண்ணால பாத்திருக்கானா அவன்?”

கடைக்காரர் சிரித்தார். “இதைச் சொல்றதுல நீங்க அஞ்சாவது ஆளு. நானும் கம்பெனிக்காரனைக் கேட்டேன். அவன் படத்தையே அனுப்பிட்டான். பாருங்க.” மேஜைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். “இந்த மாதிரியில மிஞ்சினது ஒண்ணே ஒண்ணுதானாம். ஏதோ சிமெண்ட் ஆலைக்குள்ள முப்பது வருஷம் கல்லு சுமந்திருக்கு. அப்புறம் யாரோ புண்ணியவான் வாங்கித் தோட்டத்துல நிறுத்தியிருக்கான். அதைத்தான் அளந்து, ஆணி விடாம அப்படியே செஞ்சிருக்காங்க. நம்பர்கூட அசல் நம்பர்தான்.”

படத்தில் வேகன் புல்லுக்கு நடுவே நின்றது. துரு ஏறி, ஒரு பலகை போய், ஆனாலும் நிமிர்ந்து நின்றது. இடது முனையில் லீவர்.

“மூணு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, ஆறு” என்று படித்தார் கடைக்காரர். “எவனோ ஒரு சோம்பேறி அன்னைக்கு மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கான். நமக்கு நல்லதாப் போச்சு. பிழை இருக்குன்னு தெரிஞ்சதும் ஆளுங்க கேட்டு அலையறாங்க. வேண்டாம்னா குடுங்க, பணத்தைத் தந்துடறேன்.”

“குடுக்கல” என்றார் தட்டுக்காரர்.

“அப்ப தப்பு பரவாயில்லையா?”

“குடுக்கலன்னா விடேன்யா” என்று பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். திட்டாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. கடைக்காரர் வாசல் வரை வந்து பார்த்தார்.

தட்டுக்காரருக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி எழுதினார். ஆனால் மூன்று ஏழு ஒன்று ஒன்று ஆறு தெரியும். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார். வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டார்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய விஷயம். சக்கரம் தட்டுவது போகச் சில்லறைப் பழுதும் அவர்தான் பார்ப்பார். அந்த வேகனில் ஒரு பக்க லீவர்த் தகடு உடைந்து வந்தது. இருப்பில் வலது முனைத் தகடு இல்லை. வேறு மாதிரி வண்டியின் இடது முனைத் தகடு கிடந்தது. அதை இடது முனையில் மாட்டினார். மூன்று நட்டுத்தான் கையில் இருந்தது. நான்காவதுக்குத் தரையில் கிடந்த ஒரு சதுர நட்டை எடுத்துத் திருகினார். பழுதுள்ள வண்டியின் பக்கத்துக் கவ்வியில் சிவப்பு அட்டை செருகியிருப்பார்கள். அட்டை இருக்கிற வரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது. வேலை பார்த்தவன்தான் உருவ வேண்டும், வேறு யார் உருவினாலும் வேலை போய்விடும். சரியான தகடு வந்ததும் மாற்றலாம், அதுவரை அட்டை இருக்கட்டும் என்றுதான் அவர் நினைத்தார். ஃபோர்மேன் வந்து, விடியற்காலை வண்டிக்கு ஒரு வேகன் குறைகிறது, உருவு என்று கத்தினார். உருவினார். உருவிய அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

விடியற்காலையில் பனி. இன்ஜின் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும், கூடவே ஓடுகிறவன் லீவரை அமுக்கி நிறுத்த வேண்டும். ஓடியது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. யார்டு வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டதே இவர்தான். வலது முனைக்கு ஓடிக் கையை நீட்டினான். அமுக்கினான். அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை. நிலைதவறிச் சக்கரத்தடியில் விழுந்தான்; இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணையில் மூன்று அதிகாரிகள். வேகன் அதற்குள் எங்கோ இரண்டு சந்திப்பு தாண்டிப் போய்விட்டது, தேட யாரும் மெனக்கெடவில்லை. எண்ணை மட்டும் மூன்று தடவை படித்தார்கள். “கை காத்தைத்தான் பிடிச்சுது” என்றான் மச்சினன். கட்டையை ஊன்றி நின்றுகொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். பழுது பார்த்தவரைக் கூப்பிட்டு, லீவர் சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். பின்னால் நின்ற ஃபோர்மேன் தொண்டையைக் கனைத்தார். “சரியாத்தான் இருந்துச்சுங்க” என்றார் தட்டுக்காரர். கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். மச்சினனை விளக்கறையில் உட்கார வைத்துத் திரி வெட்டச் சொன்னார்கள். கொஞ்ச வருஷம் அவன் காற்றைப் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சொந்த அக்காவே, “கண்ணைப் பிடரியில வச்சுக்கிட்டு ஓடினா காத்துதான் கிடைக்கும்” என்றாள். பிறகு அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டான். இப்போது அவனைக் கேட்டால், “வயசு அப்படி. எதையோ நினைச்சுக்கிட்டு ஓடியிருப்பேன்” என்பான்.

சனிக்கிழமை முற்பகல் ஜன்னலோரத்து மேஜையில் வேகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூரான பிளேடு, இடுக்கி, பிசின், கரும்பழுப்பு வண்ணம், மூன்று மயிர்த் தூரிகை. லீவரையும் தகட்டையும் செதுக்கி எடுத்து வலது முனையில் ஒட்டி, வெட்டின இடத்தில் வண்ணம் தொட்டால் முடிந்தது. பத்து நிமிஷம். அசல் வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த முக்கால் மணி நேர வேலையை அன்றைக்கு அவர் செய்யவில்லை. ஊரெல்லாம் இது எத்தனை அலமாரியில் நிற்கிறதோ, அதையெல்லாம் அவர் என்ன செய்ய முடியும்? இந்த அலமாரிக்கு வருகிறவன் மச்சினன் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அவன் கைக்கு இது சரியாக இருந்தால் போதும். பிளேடைத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “நேத்துலேருந்து அதையே கட்டிக்கிட்டு அழறீங்களே. என்ன, உடைஞ்சு போச்சா?”

“ஒண்ணுமில்ல. சரியாத்தான் இருக்கு.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கழிந்தும் குரல்கூட மாறவில்லை. அதே தணிவு, அதே மரியாதை. மனைவி போய்விட்டாள். பிளேடு இருந்த இடத்திலேயே இருந்தது. வெகுநேரம் கழித்து அதை மெதுவாக வெளியே எடுத்து, துடைத்து, உறையில் போட்டார். தகட்டின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்தது. அதற்கு வண்ணம் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மச்சினன் வந்தான். அவன் வருவது தெருமுனையிலேயே தெரியும், ஒரு கால் பேசும், இன்னொன்று பேசாது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்து நாலு தடவை தள்ளிப் போட்டவன்.

“என்ன மாமா, கடைக்காரர் கடையை மூடிட்டாரா இன்னும் நடத்துறாரா?”

“உக்காரு, மாப்ளே.”

“புதுசு வந்திருக்குன்னு அக்கா சொல்லிச்சு. எத்தனை குத்தம் கண்டுபிடிச்சீங்க? நீங்க நொட்டை சொல்லாத வண்டி இன்னும் பொறக்கல.”

“நீயே பாரு.”

மேஜை முழுக்கப் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டிருந்தது. அவர் குமிழைத் திருகி இன்ஜினை ஓட்டுவார். இன்ஜின் வேகனைத் தள்ளிவிட்டு நின்றுகொள்ளும். வேகன் தன்பாட்டுக்கு உருண்டு வரும். மச்சினன் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, லீவரைத் தொட்டு, வேகனை நிறுத்துவான். பதினைந்து வருஷ விளையாட்டு. வேறு யாராவது லீவரைத் தொட்டால் தட்டுக்காரர் கையை ஒடித்துவிடுவார். கண் மங்கிய பிறகும் அவன் விரல் தப்பியதில்லை. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும், “பாத்தீங்களா மாமா? இதுல மட்டும் ஒரு தடவைகூட விட்டதில்ல” என்பான். அவர் ‘ம்’ என்பார்.

அவர் வேகனை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். எந்தப் பக்கம் அவன் நாற்காலியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு திருப்பி வைத்தார். குமிழைத் திருகினார்.

வேகன் வந்தது. விரல் நீண்டது. வலது முனையில் தடவியது. வேகன் விரலுக்குக் கீழே நழுவிப் போய்க் கடைசித் தடுப்பில் ‘டக்’ என்று முட்டியது.

மச்சினன் சிரித்தான். “அட. இன்னொரு தடவை விடுங்க.”

விட்டார். விரல் முன்னைவிடச் சீக்கிரமாக நீண்டு, சரியான இடத்தில், சரியான உயரத்தில் காத்திருந்தது. வேகன் வந்தது. போயிற்று. டக்.

தேநீர் எடுத்துக்கொண்டு வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “என்னடா, இன்னைக்கும் கை காத்தைப் பிடிக்குதா? உனக்கு இது புதுசா என்ன?”

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை விடச் சொல்லவும் இல்லை. உடம்பைச் சாய்த்து, தடுப்பில் முட்டி ஒரு விரற்கடை பின்வாங்கி நின்ற வேகன் மேல் விரலை வைத்தான். வலது முனையிலிருந்து கீழ்ச்சட்டத்தோடு மெல்ல நகர்த்தினான். ஸ்பிரிங். ஆக்சில் பெட்டி. நடுவில் வெறும் சட்டம். அடுத்த ஆக்சில் பெட்டி. இடது முனைக்கு வந்ததும் விரல் நின்றது. லீவரை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தடவை தடவியது. திரும்பவும் தடவியது.

“செஞ்சவன் மாத்தி வச்சிருக்கானா, மாமா?”

“இல்ல. அசல்ல இருக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கான்.”

மனைவி தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருவரையும் பார்த்தாள். தேநீரில் ஏடு கட்ட ஆரம்பித்தது.

“நம்பர் என்ன போட்டிருக்கு?” என்றான் மச்சினன். முகத்தைத் திருப்பவில்லை.

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. லென்ஸ் அலமாரி மேல் இருந்தது. இரண்டும் இல்லாமல் அந்த எண்ணை அவரால் படிக்க முடியாது என்பது மச்சினனுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவர் இரண்டையும் எடுக்கவில்லை. வேகனைப் பார்க்கவும் இல்லை.

“மூணு” என்றார். “ஏழு. ஒண்ணு. ஒண்ணு.”

கடைசி இலக்கத்தை இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

குமிழை அவர் திருப்பி வைத்திருக்கவில்லை. பின்தங்கி வந்த இன்ஜின் மெதுவாக உருண்டு வந்து வேகனின் முதுகில் முட்டியது. முட்டி, தள்ளிப் பார்த்தது. மச்சினனின் விரல் லீவரை அமுக்கிக்கொண்டிருந்தது. வேகன் அசையவில்லை. இன்ஜினின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் மேஜைப் பலகை வழியாக இறங்கி, தட்டிலிருந்த கண்ணாடி டம்ளர்களைக் கிணுகிணுக்க வைத்தது. அதை நிறுத்தக் குமிழிடம் யார் கையும் போகவில்லை.